தேவசகாயம் செய்து காட்டிய சோதனை

வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு, கண்ணுகளா. அதிகாரம் என்றதும் ராஜாவையோ துரையையோ தேடிக்கொண்டு ஓடுவார்கள். எம்.ஏ. கடைசி வருடம் படித்த பிரிஸில்லா அப்படி ஓடவில்லை. 'வரலாற்றில் அதிகாரம்' என்று அவள் துறையில் கருத்தரங்கு வைத்தார்கள். சிறந்த கட்டுரைக்கு மைசூர் மாநாட்டில் இடம். அங்கே பேசிவிட்டால் ஆராய்ச்சிப் படிப்புக்குக் கதவு திறக்கும். மற்றவர்கள் திப்பு, கம்பெனி, வைஸ்ராய் என்று போக, இவள் தன் அப்பாவின் உடம்பை எடுத்துக்கொண்டாள்.

அப்பா தேவசகாயம் வாலிப வயதில் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கினவர். சுரங்கத்தை மூடியதும் பெங்களூர் வந்து ஆஸ்டின் டவுனில் குடியேறி, இப்போது பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி. கேட்டைத் திறப்பார், மூடுவார் என்றுதான் மகள் நினைத்திருந்தாள்.

வேலை முடிந்து சுரங்கத்தின் லிஃப்ட் கூண்டில் மேலே வந்தால் சோதனை என்று அவர் சொல்லியிருக்கிறார். தங்கத் துகளை ஒளித்து வைத்திருக்கிறானா என்று பார்ப்பார்கள். கையைத் தூக்கு, வாயைத் திற, நாக்கை மடி.

"துணிய அவுத்தது கூட மறந்து போச்சும்மா. தொட்டவன் ஒருத்தன் கூட மூஞ்சியப் பாக்கல, அதான் மறக்கல. சந்தையில மாட்டத் தடவறவன் கூட அது மூஞ்சிய ஒரு தரம் பாப்பான்."

இன்றைக்கும் மால் வாசலில் யாரும் கேட்பதற்கு முன்பே அவர் கைகள் தாமாக மேலே போய்விடும். பார்க்கும்போதெல்லாம் இவள் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிடுவாள். அந்தக் கைகளிலிருந்துதான் கட்டுரை பிறந்தது. அனுமதி கேட்காமல் இன்னொருவர் உடம்பில் கை வைக்க முடிகிறதே, அதுதான் அதிகாரம். சிம்மாசனமெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது என்று எழுதினாள். இப்படி முடித்தாள்: 'சோதிக்கப்பட்டவன் தன் கையை இன்னொரு உடம்பின் மேல் ஒருநாளும் வைக்க மாட்டான். அந்த மறுப்புதான் தோற்றவர்களின் வரலாறு.' எழுதி முடித்த அன்று அந்த வரியைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள் பாவம்.

துறைத்தலைவி நிருபமா மேடம், "அப்பாவையும் அழைத்து வா" என்று சொல்லியிருந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார் தேவசகாயம். பிரிஸில்லா இங்கிலீஷில் படித்துக்கொண்டே வந்தாள். சோதனையைப் பற்றிய பக்கம் முடிந்ததும் மேடம் அவளை நிறுத்தி, அவரிடம் கன்னடத்தில் கேட்டார்.

"ஒந்து சல தோரிஸி, சார். ஒரு தடவை காட்டுங்கள், எப்படிச் செய்வார்கள்?"

"யாராச்சும் ஒருத்தர் வாங்க" என்று மேடையேறினார் அவர். கூடப் படிக்கிற ஷ்ரேயாஸ் சிரித்துக்கொண்டே போய் நின்றான். அப்பா கைகளைத் தூக்கி நிற்பார், ஷ்ரேயாஸ் சோதிக்கிறவனாக இருப்பான் என்று இவள் எதிர்பார்த்தாள்.

அவர் தூக்கவில்லை. ஷ்ரேயாஸின் எதிரில் போய்க் காலை அகட்டி நின்றார்.

"ஜூத்தா உதாரோ."

குரல் வீட்டில் கேட்ட குரலே இல்லை. ஷ்ரேயாஸ் தடுமாறி ஷூவைக் கழற்றினான். அவர் அதை உதறினார். காலருக்குள் விரல் விட்டு ஒரு சுற்று, பெல்ட்டுக்குள் ஒரு சுற்று, தொடையின் உள்பக்கம் மேலிருந்து கீழ் வரை. மின்னல் வேகம். பையன் நெளிந்தான். முதுகில் ஒரு தட்டு. "சலோ." அவன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, கண் அடுத்த ஆளைத் தேடிப் போயிருந்தது.

தங்கவயலில் இந்தி ஏது? வடக்கிலிருந்து வந்த பையன்கள் வேலை செய்கிற பொம்மசந்திராவில்தானே அப்பா அந்த மொழியையே கற்றார்!

அரங்கம் கைதட்டியது. அவர் கூச்சத்தோடு கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கடைசிப் பக்கம் இன்னும் இருந்தது. மைக்கின் முன்னால் பிரிஸில்லா அந்தத் தாளைப் புரட்டினாள். அது கேட்டில் பழகிய கை என்று வேறு யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும். கல்வெட்டு எழுதினவன் முன்னாலும் உண்மை இப்படித்தான் வந்து, சட்டை மடிப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருக்குமோ? அவனும் குனிந்து, ராஜா சொன்னதையே கல்லில் வெட்டியிருப்பானோ? அவள் குனிந்து, எழுதியதையே படித்தாள். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். மைசூர் இடம் அவளுக்கே என்றார் மேடம்.

வெளியே டீக்கடையில் அப்பா உற்சாகமாக இருந்தார்.

"நல்லா பண்ணனாம்மா?"

"ம்."

"அந்தப் பையன் நெளிஞ்சான் பாத்தியா? நம்ம கேட்லயும் புதுப் பசங்க அப்படித்தான். ஒரு வாரம், அப்புறம் மரக்கட்ட மாதிரி நிப்பானுங்க."

"வேற யாரும் அந்த வேலையச் செய்ய மாட்டாங்களாப்பா?"

"சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்புடுவாரு. எங்க ஒளிப்பானுங்கன்னு எனக்குத்தானே தெரியும்? மைன்ஸ்காரன்மா நானு!"

பெருமையோடு ஒரு வாய் குடித்தார். பிறகு கேட்டார்.

"கடைசியில இன்னாமோ படிச்சியே, அல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. இன்னா அது?"

எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவள் மழுப்பவில்லை. அந்த வரியை அப்படியே தமிழில் சொன்னாள்.

தேவசகாயம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ரோட்டில் போகிற பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நான் இல்லம்மா."

"அப்பா..."

"போன வாரம் ஒரு பீகார் பையன். சட்டைக்குள்ள கைய விட்டேன், அழுதுட்டான். அவங்கிட்ட ஒண்ணுமே இல்ல. போடான்னுட்டேன்." தலையைத் தேய்த்துக்கொண்டார். "அந்த வரிய அடிச்சுடும்மா. வேற எது வேணா இருக்கட்டும்."

"சரிப்பா."

போனை எடுத்தாள். மேடத்தின் செய்தி வந்திருந்தது: கட்டுரைக்கு உயிரே அந்தக் கடைசி வரிதான், ஒரு எழுத்தும் மாற்றாமல் இப்போதே அனுப்பு. கட்டுரையைத் திறந்து அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். அழித்தால் மிச்சம் இருப்பது பத்தோடு பதினொன்றான ஒரு கட்டுரை. விடுதியும், உதவித்தொகையும், தன் பெயருக்கு முன்னால் ஒரு டாக்டரும் அந்த விரலுக்குக் கீழே இருந்தன. பக்கத்தில் அவர் காத்திருந்தார். திரையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

விரலை எடுத்துவிட்டு, இருந்தபடியே அனுப்பினாள்.

"அடிச்சுட்டியா கண்ணு?"

"அடிச்சுட்டேம்பா."

"அப்பாடா" என்றார் தேவசகாயம். மனசு லேசாகி, பொம்மசந்திரா பஸ்ஸைப் பிடிக்க எழுந்தார். அவருக்கு மதியம் ஷிப்ட்.