கீரையை ஒதுக்கிய டிரைவரக்கா

டிரைவரக்கா பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருபவர்கள்கூடத் தள்ளாட மாட்டார்கள். அந்த பஸ் ரூட்டில் அக்காவுக்கு அப்படியொரு பெயர். இதய வால்வு மாற்றிய பிறகும் அந்த நிதானம் குறையவில்லை. வால்வில் ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை, ஒருநாளும் தவறியதில்லை. ஆனால், "கீரையில இருக்கிற வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிரி" என்று யாரோ காதில் ஓதியதை நம்பி, பச்சையாக எதைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்லூரி உணவகத்தில் சமையல்காரரான அவர் கணவர் கொத்தமல்லியைக்கூடப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் பரிமாறுவார்.

இதற்கிடையில் தொண்டையில் புண். தெருமுனை மருத்துவரிடம் கிருமிக்கு மாத்திரை வாங்கிய அக்கா, ரத்த மாத்திரையைப் பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை, ரொட்டியும் டீயுமாகவே பொழுது போனது. கொஞ்சம் தேறியதும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

மேம்பாலம் இறங்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அக்கா பதறவில்லை. வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்துவிட்டு, மூக்கைப் பிடித்தபடியே, "எல்லாரும் மெதுவா இறங்குங்க, பின்னாடி வண்டி வருது" என்றார்.

நடத்துநர்தான் வெலவெலத்துப் போனார். "அக்கா, சட்டையெல்லாம் ரத்தம்!"

"சட்டையத் தொவைச்சுக்கலாம். நீ ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

மருத்துவமனையில் சோதித்தபோது ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கை அடைத்து, வைட்டமின் கே கொடுத்தார்கள். ரத்தம் நின்றதும் அக்காவின் முதல் கேள்வி, "எதிரியை எதுக்கு டாக்டர் எனக்கே கொடுத்தீங்க?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அது எதிரியில்லம்மா. ரத்தம் உறையணும்னா அது வேணும். உங்க மாத்திரை அதைக் கொஞ்சம் அடக்கி வைக்குது, அவ்வளவுதான். நீங்க சாப்பாட்டுலேர்ந்து அடியோட வழிச்சு எடுத்துட்டீங்க. அதுக்கு மேல கிருமி மாத்திரை வேற, அது உங்க மாத்திரையோட வேகத்தைக் கூட்டிடுச்சு. கையிருப்பே இல்லாதப்ப சின்ன ஆட்டம்கூடத் தூக்கிப் போட்டுடும்."

"அப்ப கீரை சாப்பிடலாமா?"

"தாராளமா. ஆனா ஒரு வாரம் கட்டுக்கட்டா, மறுவாரம் பட்டினின்னு இருக்கக்கூடாது. எப்பவும் ஒரே அளவு. அதுக்கேத்த மாதிரி மாத்திரையை நாங்க சரிபண்றோம். வேற மருந்து எடுத்தா முதல்ல எங்ககிட்ட சொல்லுங்க."

"சீரா ஓட்டணும்கிறீங்க. அதானே நம்ம பொழப்பே!" என்றார் அக்கா.

சமையல் உடுப்போடு ஓடிவந்திருந்த கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கீரையை அடியோட விடறது சரியில்லன்னு எனக்கு அப்பவே தோணிச்சு..."

"தோணினதை வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"உங்கிட்டயா?"

டாக்டரம்மா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

பிறகு வீட்டில் அளவாகக் கீரை வெந்தது. சத்து என்று கீரைச் சாற்றை நாத்தனார் ஒரு குடுவை நிறையக் கொண்டுவந்தபோது அக்கா, "நீயே குடி, எனக்கு என் அளவு போதும்" என்று சொல்லிவிட்டார். சோதனை முடிவுகள் நிலைப்பட்டன. வண்டி எடுக்கலாம் என்று டாக்டரம்மாவும் ஒப்புதல் தந்தார்.

முதல் நடையிலேயே கூட்டம் நிரம்பி வழிந்தது. நடத்துநரோ அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்பா, என் முகத்துல என்ன எழுதியா ஒட்டியிருக்கு? போய் டிக்கெட் போடு!" என்று அதட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார் அக்கா.