சாப்பாட்டு நேரத்தில் எடுத்த அளவு

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் அக்காவின் மிஷினும் அவள் தங்கையின் மிஷினும் சுவரை ஒட்டிக் கிடந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர் அறை. காலை எட்டு மணிக்கு அறுபது மிஷினும் பத்து இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடத் தொடங்கினால் சுவர் உறுமும். கையை வைத்தால் உள்ளங்கை கூசும்.

தங்கைக்கு இது மூன்றாம் மாதம். இதற்கு முன் இரண்டு கரு தங்கவில்லை. இரண்டுமே இந்த இடத்தில் உட்கார்ந்து தைத்த காலத்தில் போனவை. சுவர்தான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, "சொல்ல முடியாதும்மா" என்றார். இடத்தை மாற்றித் தரச் சொல்லி அக்கா நான்கு தடவை சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள். "லைன் குலைஞ்சிடும்" என்று நான்கு தடவையும் ஒரே பாட்டைப் பாடினான் அவன். ஐந்தாவது தடவை முப்பது பெண்களின் கையெழுத்தோடு போனாள். அதன் பிறகுதான் சுவரோரம் மின்காந்த வீச்சு எவ்வளவு என்று அளவெடுக்க ஆள் வந்தது.

ஆள் வந்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில். "வேலை கெடக்கூடாதுல்ல?" என்றான் சூப்பர்வைசர். மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன, சுவரும் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டிருந்தது. அளவெடுப்பவர் ஒரு சின்னக் கருவியைத் தங்கையின் நாற்காலிக்கு மேலே பிடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டார். அக்கா எச்சில் கையோடு எழுந்து வந்தாள்.

"சார், இது வயித்துல இருக்கிற புள்ளையோட டிஎன்ஏவை அறுத்துடுமா?"

"ஆராய்ச்சி பண்றவங்களே ரெண்டு பக்கமா பேசுறாங்கம்மா. சிலர் அறுக்கும்கிறாங்க, சிலர் இல்லவே இல்லைங்கிறாங்க. உறுதியாத் தெரியல."

"தெரியுற வரைக்கும் என் தங்கச்சி ஏன் சார் இங்க உக்காரணும்?"

அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"மிஷின் ஓடுறப்ப அளங்க சார். கரண்ட் ஓடினாத்தானே இது வரும்? அடுப்பை அணைச்சிட்டு சூடு பாக்குறீங்களே!"

அவர் வாயைத் திறக்குமுன் அக்கா திரும்பிக் கத்தினாள். "எல்லாரும் வாங்கடி!"

சாப்பாட்டு டப்பாக்களை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பாதிப் பேருக்குக் கைகூடக் கழுவ நேரமில்லை. ஒவ்வொரு மிஷினாக உயிர்பெற, சுவர் உறும, கருவியில் எண் ஏறியது. "ஏழு மடங்கு..." என்று அளவெடுப்பவர் தன்னை மறந்து முணுமுணுத்தார்.

சூப்பர்வைசர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினான். "பிரேக்ல மிஷினைத் தொட யாருடி உங்களுக்கு அதிகாரம் குடுத்தா?"

"எழுதிக்கோங்க சார், ஏழு மடங்குன்னு எழுதுங்க!" அக்கா அவர் கையிலிருந்த தாளைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஒரு அளவு எடுக்கத்தாம்மா எனக்கு உத்தரவு" என்று அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் அறிக்கையை ஒட்டினார்கள். இடம் பாதுகாப்பானது என்று தடித்த எழுத்தில் இருந்தது. மூன்றாம் நாள், இவர்களைக் கண்காணிக்கக் கேமரா மாட்டி, படம் பார்க்கும் பழைய பெட்டி மானிட்டரைத் தங்கையின் மிஷினை அடுத்து, சுவர் மூலையில் வைத்தார்கள். மிஷின்கள் ஓடத் தொடங்கியதும் திரையில் படம் கிடுகிடுவென்று ஆடியது.

முதலாளி பதறிப்போய் வந்தார். "என்னய்யா இது?"

"இந்தச் சுவர்ல கரண்ட் ஜாஸ்தி சார்" என்றான் சூப்பர்வைசர். "இங்க வெச்சா பெட்டி கெட்டுடும்."

"அப்ப உடனே மாத்து!"

இரண்டு ஆட்கள் மானிட்டரைத் துணியில் பொதிந்து, அலுங்காமல் தூக்கி, எதிர்ப்பக்க ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே படம் ஆடவில்லை. அதற்கு இடம்விட அங்கிருந்த துணி மூட்டைகளை எடுத்து வந்தார்கள். தங்கையின் மிஷின் இருந்த இடத்தில் அவற்றை அடுக்க, மிஷினை மானிட்டர் இருந்த மூலைக்குத் தள்ளினார்கள்.

தங்கை அடிவயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையால் நாற்காலியை மூலைக்கு இழுத்து உட்கார்ந்தாள்.