நான் வந்தால் அணையும் விளக்கு

பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் காற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். முடிச்சுகளைப் பற்றி, கயிற்றில் கால் சிக்கினால் என்ன செய்வது என்பதைப் பற்றியெல்லாம் சொல்வார்கள். வயரைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. பழைய படகு ஒன்றை வாங்கிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

ஏன் வாங்கினாய் என்று எல்லாரும் கேட்டார்கள். அலுவலகத்தில் உடற்பயிற்சிக்கு என்றேன். பெர்த் நகரில் இருக்கும் மகளிடம் முதலீடு என்றேன். அவள் வெகுநேரம் சிரித்தாள். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. முதல் வகுப்பில் நடுக்கடலில் பயிற்றுநர் எஞ்சினை நிறுத்தினார். பாய் காற்றை வாங்கியது. சத்தமே இல்லை. யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் வீட்டிலும் காப்பீட்டு அலுவலகத்திலும் ஐம்பத்திரண்டு வயதுவரை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்த ஒருத்திக்கு அது எப்படி இருந்தது என்பதை, கூப்பிட்டவர்களிடமே எப்படிச் சொல்வது?

என் கணவர் பரமசிவம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நீச்சல் தெரியாது. "உனக்கு ஆசையா இருந்தா வாங்கு சுதா. நான் கரையில உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்," என்றார். முப்பது வருடத் திருமணத்தில் இதைவிடப் பெரிய சம்மதத்தை நான் அவரிடம் வாங்கியதில்லை.

அவசரமாக ஊர் திரும்பிய ஓர் ஆஸ்திரேலியரிடம் வாங்கினேன். சாங்கிக் கரையில் ஒரு படகுக் கழகத்தில் தற்காலிகமாக இடம் கொடுத்தார்கள். முகப்பில் சிவப்பு, பச்சை விளக்குகள் ஒழுங்காக எரிய வேண்டும், படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் ஓட வேண்டும்; பரிசோதகர் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால் இடம் நிரந்தரம். இல்லையென்றால் படகை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். சிங்கப்பூரில் படகை எங்கே எடுத்துக்கொண்டு போவது? விற்பதைத் தவிர வழியில்லை.

படகின் சிறிய அறைக்குள் சுவிட்ச் பலகை இருந்தது. ஒவ்வொரு சுவிட்ச்சின் கீழும் அழகாக ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருந்தது. எதுவும் உண்மையில்லை. நங்கூர விளக்கு என்று இருந்ததைப் போட்டால் பம்ப் ஓடியது. பம்பைப் போட்டால் மின்விசிறி சுற்றியது. கழிவறை விளக்கைப் போட்டபோது கூரையிலிருந்து ஊதல் அலறியது. பக்கத்துப் படகுக்காரர் காப்பியைத் தன் சட்டைமேல் கொட்டிக்கொண்டார்.

ஆகவே சனி, ஞாயிறுகளில் நான் உள்ளே சுவிட்ச் பலகையின் முன்னால் மண்டியிட்டிருந்தேன். கரையில் உட்கார வேண்டியவர் உயிர்காப்புச் சட்டையைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு படகின் முகப்பில் குப்புறப் படுத்திருந்தார். பகல் வெளிச்சத்தில் விளக்கு எரிவது தெரியாதென்பதால் கறுப்புக் குடையை விரித்து அதற்குள் தலையை வைத்திருந்தார்.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"எதோ சத்தம் கேக்குது."

"அது ஃபேன். இப்ப?"

"எரியுது. சிவப்பு எரியுது. அணைச்சிடாத, இரு, நல்லா பாத்துக்கறேன்."

வீட்டில் நாங்கள் இவ்வளவு பேசி வெகுகாலமாகிவிட்டது என்று அப்போது தோன்றியது. அதை அதற்குமேல் யோசிக்கவில்லை. முழங்கால் வலித்தது.

கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் அவர் சிவப்புப் பேனாவால் தமிழில் பெயரெழுதி ஒட்டினார். 'இடப்பக்கச் செந்நிற விளக்கு' என்று நீளமாக. சிவப்பு என்று மட்டும் எழுதினால் போதாதா என்றேன். "சுருக்கி எழுதினா மார்க் கிடையாது," என்றார்.

பெயர்ச் சிக்கல் தீர்ந்தது. பம்பும் ஓடியது. ஆனால் விளக்கு ஒரு புதுக் குணத்தைக் காட்டியது. போட்டால் எரியும். கொஞ்ச நேரத்தில் டக்கென்று சுவிட்ச் தானாகவே கீழே விழுந்துவிடும். முதல் பரிசோதனையில் அப்படித்தான் விழுந்தது. இரண்டாவதிலும். பரிசோதகர் திரு. ஓங் மரியாதையான மனிதர். இன்னும் ஒரு முறைதான் பார்க்க முடியும், அதுவும் வரும் சனிக்கிழமை என்று வருத்தத்துடன் சொன்னார்.

அந்த வாரம் நான் வேலைக்குப் போய்விட, என் கணவர் தினமும் ரயிலும் பேருந்தும் மாறி சாங்கிக்குப் போனார். பலகையைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே எல்லா வயரும் ஒரே பழுப்பு நிறத்தில் பின்னிக்கிடந்தன. எல்லாத் திருகுகளையும் முறுக்கினார். விளக்கைப் போட்டுவிட்டு வீட்டிலிருந்து கொண்டுபோன செய்தித்தாளை முழுக்கப் படித்தார். விளக்கு அணையவே இல்லை. 'எரிகிறது' என்று எனக்குச் செய்தி அனுப்பினார். மறுநாளும் 'எரிகிறது'. வியாழக்கிழமை 'இன்னும் எரிகிறது, கிளம்புகிறேன்'.

வெள்ளிக்கிழமை பொது விடுமுறை. நான் போனேன். டக்.

மதியம் பக்கத்துக் கடையில் புரோட்டாவைச் சால்னாவில் தோய்த்தபடி அவர் சொன்னார்: "ஒண்ணு கவனிச்சியா? நீ வந்தா மட்டும்தான் கெட்டுப்போவுது."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நான் அந்த வகைப் பேச்சை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவள். அலுவலகத்தில் அச்சு இயந்திரம் என் தாளை மட்டும் மென்று துப்பும். தானியங்கிக் கதவுகள் எனக்குத் திறக்கச் சற்று யோசிக்கும். இவற்றையெல்லாம் தனித்தனியாக மறந்துவிட்டிருந்தேன். இப்போது அவை ஒன்றாகக் கைகோத்துக்கொண்டு வந்து நின்றன. வளையல்களைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். பிறகு, அவர் கைகழுவப் போன நேரத்தில், தோடுகளையும் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

சாப்பிட்டுத் திரும்பியதும் அவரை உள்ளே அனுப்பிவிட்டு நான் படகு கட்டியிருந்த மிதவைப் பாலத்தில் நின்றேன். விளக்கு எரிந்தது. நின்றுகொண்டே இருந்தேன். எரிந்துகொண்டே இருந்தது. மெதுவாக ஒரு காலைப் படகில் வைத்தேன். படகு அசைந்தது. டக்.

காலை எடுத்துக்கொண்டேன்.

அவர் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். ஒரு கால் காற்றில் நிற்க, கொக்கு மாதிரி நின்றிருந்தேன். தலையை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். அதுதான் அதிகம் வலித்தது. வாழ்க்கையில் எனக்கென்று கேட்ட ஒரே ஒரு பொருள். அதற்கே என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். இது பைத்தியக்காரத்தனம் என்றும் கூடவே நினைத்தேன். இரண்டும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தன.

செய்தி என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடும் பாக்கியலட்சுமிக்குப் போய்விட்டது. தம்பி சொல்லாத எதுவும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்; சொன்னதைக் கேட்க வேண்டுமா?

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார் தொலைபேசியில். "கண்ணு பட்டிருக்கு. நாளைக்கு நானும் வர்றேன்."

படகு வாங்கியதும் வாகன பூஜை போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அண்ணிதான். காரென்றால் கோயில் வாசலுக்குக் கொண்டுபோகலாம். படகை எப்படி? அதன் சுக்கான் பிடியை மட்டும் கழற்றி, ஆளுயர மரக்கட்டையை ரயிலில் பிடித்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் இறங்கி, சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போனோம். ஐயர் கட்டையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "வண்டி எங்கம்மா?" என்றார். "இதுதான் சாமி, மிச்சம் தண்ணில இருக்கு," என்றார் அண்ணி. கட்டைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுத்தார்கள். சக்கரத்தின் கீழ் வைக்கும் எலுமிச்சம்பழத்தைச் சக்கரமே இல்லாததற்கு எங்கே வைப்பது என்று அன்று நெடுநேரம் விவாதம் நடந்தது. பிறகு அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணி சொல்லிவிட்டார். நானும் கேட்கவில்லை. அண்ணி பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதைத் திரும்பக் கேட்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

சனிக்கிழமை அண்ணி பட்டுப்புடவையில் வந்தார். கையில் அடுக்குக் கேரியர், உள்ளே உளுந்து வடை, புளிச்சாதம். திரு. ஓங் வந்தார். அண்ணி அவருக்கு முதலில் வடையைக் கொடுத்தார். அவர் மறுத்தார், பிறகு தின்றார்.

நான் சுவிட்ச்சைப் போட்டேன். வளையல், தோடு எதுவும் இல்லை. தாலிச் சங்கிலியைக்கூடச் சட்டைக்குள் தள்ளிவிட்டிருந்தேன்.

"எரியுது," என்றது முகப்பிலிருந்து குடை.

திரு. ஓங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எரிந்தது. இன்னும் எரிந்தது. நான் மூச்சுவிடுவதைக் குறைத்துக்கொண்டேன்.

"உபின் படகு ஒண்ணு போவுது," என்று முகப்பிலிருந்து இவர் குரல் கொடுத்தார். "ஆடும், பிடிச்சுக்க."

உபின் தீவுக்கு ஆள் ஏற்றிப்போகும் மரப்படகு கழகத்தைக் கடந்து போயிற்று. அதன் அலை வந்து எங்களைத் தூக்கியது. டக்.

"அணைஞ்சிடுச்சு."

திரு. ஓங் பெருமூச்சு விட்டார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கண்ணீருக்கு நடுவில் மூளையின் ஒரு மூலை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. உபின் படகு. ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். வேலை நாளில் எப்போதாவது ஒன்று, தூரமாக மெல்லப் போகும். விடுமுறையில் வரிசையாக விரையும். நான் வருவதும் விடுமுறையில்தான்.

நானில்லை. ஆட்டம்.

"என்னங்க, படகை ஆட்டுங்க."

"என்னது?"

"ஆட்டுங்க. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை குதிங்க. அண்ணி, நீங்களும் எழுந்திரிங்க, ப்ளீஸ்."

"நான் பட்டு கட்டிருக்கேன் சுதா."

"பட்டோடயே ஆடுங்க."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் பிறகு பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆனாலும் எழுந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் விரித்த குடையுடன் இடப்பக்கம் குதிக்க, அவருடைய அக்கா கேரியருடன் வலப்பக்கம் சாய்ந்தார். நான் நான்கு திருகுகளைக் கழற்றிப் பலகையை இறக்கி, தலையை உள்ளே விட்டு, இதுவரை யாரும் பார்க்காத திசையில் பார்த்தேன். மேலே.

எலுமிச்சை வாசனை அடித்தது. முந்தைய வாரங்களிலும் அடித்ததுதான். ஆஸ்திரேலியர் தரை துடைத்த திரவம் என்று நினைத்திருந்தோம்.

மேல் அலமாரியில் வயர்கள் இறங்கும் ஓட்டை வழியாக ஒரு சரம் தொங்கியது. வாடிய எலுமிச்சம்பழம், அதன் கீழே பச்சை மிளகாய்கள். நூலில் கோக்கவில்லை. பளபளவென்ற செம்புக் கம்பியில் கோத்திருந்தது. கம்பியின் மேல்பகுதி, விளக்குகளிலிருந்து திரும்பும் வயர்களெல்லாம் வந்து சேரும் பித்தளைப் பட்டையில் சாய்ந்திருந்தது. கீழ்நுனி ஊஞ்சல் ஆடியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும், முகப்பு விளக்கு சுவிட்ச்சின் திருகைத் தொடுவதா வேண்டாமா என்று யோசித்தது. நான் கையை வளைத்து சுவிட்ச்சைப் போட்டேன். அண்ணி சாய்ந்தார். கம்பி தொட்டது. சின்னதாக ஒரு நெருப்புப் பொறி. டக். மிளகாய் கருகும் நெடி.

மூன்று பேரும் தும்மினோம். திரு. ஓங் மரியாதையாகக் கடலைப் பார்த்துத் தும்மினார்.

"அண்ணி," என்றேன் உள்ளிருந்தே. "இது நீங்க கட்டினதா?"

"கட்டையை மாட்ட வந்த அன்னைக்குக் கட்டினேன். வெளிய கட்டினா காக்கா கொத்திடும். உள்ள கட்டினா உன் ஃப்ரெண்ட்ஸ்ங்க கேலி பண்ணுவாங்கன்னு நீ தயங்கற மாதிரி இருந்துச்சு. அதான் கண்ணுல படாத இடமா, அந்த ஓட்டைக்குள்ள. நூலு இத்துப்போயிடும். டூல்ஸ் பெட்டியில நல்ல கம்பி இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

வெளியே இவர் குடையை மடக்கும் சத்தம் கேட்டது. அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழகாதவர் அவர்.

சொல்ல வேண்டியது நான். வாரக்கணக்கில் நான் பட்ட பாட்டை, கழற்றிய தோடுகளை, ஒற்றைக் காலில் நின்றதை எல்லாம் சொல்லலாம்.  சொன்னால் அண்ணி இனி இந்தப் படகில் கால் வைக்க மாட்டார் என்பது தெரிந்தது. அது எனக்கு இன்பமாக இருக்கும் என்பதும் தெரிந்தது. அந்த இன்பத்தைக் கொஞ்ச நேரம் பலகைக்குள் தலைவைத்தபடி அனுபவித்தேன்.

அதற்குள் அண்ணியே குனிந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, மிளகாய் கருகியிருக்கே," என்றார். குரல் தழுதழுத்தது. "பாத்தியா சுதா? எவ்வளவு கண்ணு பட்டிருந்தா இப்படிக் கருகும். நான் கட்டாம விட்டிருந்தா உன் படகே எரிஞ்சு போயிருக்கும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் படகுக்காக உண்மையாகவே பயந்த முகம். குடும்பத்தில் வேறு யாரும் அதற்காக இவ்வளவு பயந்ததில்லை.

"ஆமாண்ணி," என்றேன். "எல்லாத்தையும் அது வாங்கிக்கிச்சு. இனி மாத்தணும். புதுசு கட்டுவோம், பாய்மரத்துல, எல்லாருக்கும் தெரியற மாதிரி. ஆனா நூல்ல."

"நூல்லதான் கட்டணும்," என்றார் அண்ணி, கம்பியில் கட்டியது யாரோ போல. அவரே சரத்தை எடுத்து வாழையிலைத் துண்டில் சுற்றினார்.

அடுத்தடுத்து மூன்று உபின் படகுகள் போயின. விளக்கு எரிந்தது. கோளாறுக்குக் காரணம் என்னவென்று பதிய வேண்டும் என்றார் திரு. ஓங். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "ஃப்ரூட்," என்றார் என் கணவர். திரு. ஓங் சற்று யோசித்தார். தன் மனைவியும் தீயது அண்டாமலிருக்க வாசல் கதவுக்கு மேல் கண்ணாடி ஒன்று மாட்டிவைத்திருப்பதாகவும், அது தினமும் தன் தலையில் இடிப்பதாகவும் சொன்னார். "லூஸ் ஒயர், ஓகே லா," என்று போட்டுக்கொண்டார். இன்னொரு வடையைக் கேட்டு வாங்கினார்.

அன்றைக்கே கிளம்பினோம். அண்ணி இறங்க மறுத்துவிட்டார். இவர் முகப்பை விட்டு நகரவில்லை. தோடுகளைப் போட்டுக்கொண்டு சுக்கானைப் பிடித்தேன். கரை தள்ளிப்போனதும் பாயை ஏற்றினேன்.  எஞ்சினை நிறுத்தினேன்.

சத்தமெல்லாம் போயிற்று. தண்ணீர் மட்டும் பலகையை உரசியது. தலைக்குமேல் ஒரு விமானம் சாங்கி விமான நிலையத்துக்கு இறங்கிப்போனது; அதன் இரைச்சலும் அடங்கியது.

"சுதா," என்றார் அண்ணி. "நின்னுடுச்சா?"

"இல்லண்ணி."

"நின்னுடுச்சே. எனக்குக் கேக்கலையே." அவர் கை ஏற்கெனவே பைக்குள் புது எலுமிச்சம்பழத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

"நான்தான் அண்ணி நிறுத்தினேன்."

"ஏன்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஆளுக்கொரு பதில் இருந்தது.

"சும்மா," என்றேன். "சத்தமில்லாம இருக்கட்டும்னு."

அண்ணி பையிலிருந்து கையை எடுத்தார். கேரியரின் மூடியைத் திறக்கப்போனவர், அது கிணுகிணுக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டார்.