டீச்சரின் குரல் இருந்த பெட்டி

டீச்சருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து ஒன்றரை வருடமாகிறது. அதற்கு முன்பு அவர் வகுப்பில் "உட்காரு" என்றால், வெளியே பேருந்துக்கு நிற்பவர்கள்கூட உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் குரல் போகப்போகிறது என்று தெரிந்ததும் அதைக் கணினியில் பிடித்து வைத்தார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் படித்தார். இப்போது டீச்சர் எதைத் தட்டச்சு செய்தாலும் கணினி அவர் குரலிலேயே பேசும். வீட்டில் திட்டு ஒரு நாளும் தடைப்பட்டதில்லை.

அந்தக் கணினியைத்தான் அவர் கணவர், முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், ஒரு காலையில் படுக்க வைத்துவிட்டார்.

எண்ணம் என்னவோ நல்லதுதான். 'புதிய பதிப்பு தயார்' என்று நாற்பது நாளாகத் திரை கெஞ்சிக்கொண்டிருந்தது. டீச்சர் குளித்துவிட்டு வருவதற்குள் முடித்து அசத்திவிடலாம் என்று 'சரி'யை அழுத்தினார். முப்பது சதவீதத்தில் பெட்டிக்குள் விசிறி இரைய ஆரம்பித்தது. நிறைபாரத்தோடு மலையேறும் வண்டி அப்படித்தான் இரையும். இன்ஜின் சூடேறினால் அணைத்து ஆறவிடுவது அவர் ரத்தத்தில் ஊறிய பழக்கம். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தார். கால்மணி நேரம் ஆறவிட்டார். போதாதென்று செய்தித்தாளால் விசிறியும் விட்டார்.

பிறகு எத்தனை முறை போட்டாலும் கறுப்புத் திரைதான்.

டீச்சர் ஈரத்தலையோடு வந்து பார்த்தார். நோட்டை எடுத்து எழுதினார்: 'என்ன செஞ்சீங்க?'

"ஒண்ணும் செய்யலையே."

'செய்யாமலா இப்படி வேர்க்குது?'

"சூடாச்சு. ஆறட்டும்னு நிறுத்தினேன், டீச்சர்."

டீச்சர் நோட்டை மூடிப் பேனாவை அதன்மேல் வைத்தார். விதவிதமாகத் திட்டு வாங்கிப் பழகியவருக்கு இதைவிடத் திட்டே தேவலை என்று தோன்றியது.

கணினி வாங்கிய கடையில் இருக்கும் பெண்ணுக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"அதில இருக்கிறதுக்கெல்லாம் வேற எங்கயாவது காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா, சார்?"

"இல்லம்மா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, ஆன் பண்ணுங்க. கிளம்பும்போதே அணைச்சிடுங்க. மூணு தடவை."

"அணைச்சுத்தானேம்மா கெட்டுது."

"இப்ப அணைச்சாத்தான் அதுக்கு உறைக்கும். மூணு தடவை கிளம்ப முடியலேன்னா, பழுது பாக்கிற திரையை அதுவே காட்டும்."

எண்பது பேரோடு மலை விளிம்பில் பேருந்தைப் பின்னால் எடுத்த கைகள் அவை. இப்போது ஒரு பொத்தானை எண்ணி எண்ணி அழுத்தின. நாலாவது முறை நீலத்திரை வந்தது. அவர் வாசித்தார்: "எல்லாவற்றையும் நீக்கிப் புதிதாகத் தொடங்கு..."

விரல் அங்கேயே போனது. டீச்சர் மணிக்கட்டைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"அதுக்குக் கீழ பாருங்க, சார். 'முந்தைய பதிப்புக்குத் திரும்பு'ன்னு இருக்கா?"

"இருக்கு."

"அதை அழுத்துங்க. எவ்வளவு இரைஞ்சாலும் தொடக் கூடாது."

"நீயே அழுத்து, டீச்சர்."

டீச்சர் மணிக்கட்டை விடவில்லை. கணவரின் விரலையே எடுத்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினார்.

நாற்பது நிமிடம். விசிறி புயல்போல இரைந்தது. கணவர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் தானே உட்கார்ந்துகொண்டார்.

"வராமப் போச்சுன்னா?" என்றார் மெதுவாக.

டீச்சர் எழுதினார்: 'என்னை மாதிரி நீங்களே பேசிக்கங்க.'

"எனக்கு அவ்வளவு தொண்டை ஏது."

டீச்சரின் தோள் குலுங்கியது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று பார்க்க அவருக்குத் துணிவில்லை.

திரை வெளுத்தது. பழைய படம், பழைய குறிகள். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு வெகுநேரம் தட்டினார். கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஏங்க, இனிமே இந்தப் பெட்டிப் பக்கம் வந்தீங்கன்னா பத்து விரலையும் முறிச்சிடுவேன்."

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

அவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். கடைக்குப் போன் போட்டார்.

"என்ன சார், ஓடுதா?"

பதில் சொல்லாமல் போனை ஒலிபெருக்கியருகே நீட்டினார். டீச்சர் முறைத்தபடியே அதே திட்டு இன்னொரு முறை வரும்படி அழுத்தினார்.

"அப்பா, யாரு சார் இப்படித் திட்டறது?"

"எங்க வீட்டுக்காரம்மா," என்றார். "கொஞ்சம் இரு, வச்சிடாதே. இன்னும் தட்டிக்கிட்டிருக்கா."