வின்சி சொல்லாத வல்லாஹி

அன்று பஷீர் அவளுக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை.

வாடகைக் காரிலிருந்து இறங்கியவர் நேராக கவுண்ட்டருக்கு வந்து நின்றார். வின்சி எப்போதும்போல எழுந்து, "சன்னு, அல்ஹாஜி" என்றாள். இரண்டு வருடமாக அந்த வார்த்தைக்கு அவர் முகம் மலராமல் இருந்ததில்லை. 'கன்வாதா' என்பார். தங்கச்சி என்று அர்த்தம். அம்மா சுகமா, வேலை சுகமா, வீட்டு நாய் சுகமா என்று வரிசையாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் வியாபாரத்துக்கு வருவார்.

இன்று கைபேசியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு பொத்தானை அழுத்தினார்.

வின்சியின் குரல் பேசியது. சுத்தமான ஹவுசாவில்.

"அல்ஹாஜி, பிரேக் ஷூ வந்துவிட்டது. அசலி. நானே பார்த்தேன். பெட்டியைத் திறக்க வேண்டாம். வல்லாஹி, அசலி."

குரல் அவளுடையது. அல்ஹாஜி என்பதில் கடைசியை லேசாக இழுப்பதுகூட அவளுடையது. ஆனால் அவள் இதைப் பேசவே இல்லை.

"நான் அனுப்பலை" என்றாள் ஹவுசாவில்.

"மூன்று மாதம் முன்னால் வந்தது. நாற்பது பெட்டி வாங்கினேன். எல்லாம் பழைய ஷூ. மேலே புது லைனிங் ஒட்டியது. ஒரு ஜோடியை என் தம்பி அமினு தன் வண்டியிலேயே மாட்டிக்கொண்டான். இப்போது அவன் காலில் இரும்புக் கம்பி இருக்கிறது."

கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவே, குருபரப்பள்ளி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது மாதேஷின் இரு சக்கர உதிரிபாகக் கடை. ஓசூரில் ஓடும் அதே வண்டிகள்தான் நைஜீரியாவின் கானோ நகரத்திலும் ஓடுகின்றன. பெங்களூருக்கு வைத்தியத்துக்கும் படிப்புக்கும் வரும் கானோக்காரர்கள் ஊர் திரும்பும்போது பெட்டி பெட்டியாக உதிரிபாகம் வாங்கிப்போவார்கள். அதை முதலில் மோப்பம் பிடித்தவர் மாதேஷ். கடை முகப்பில் 'பார்க்கா ட ஜுவா' என்று ஆறடிக்கு போர்டு வைத்தார். நல்வரவு. உள்ளூர்க்காரர்கள் அது ஏதோ புதுக் கம்பெனி என்று நினைத்து, பார்க்கா ஆயில் ஒரு லிட்டர் இருக்கா என்று கேட்டு வந்தார்கள். இப்போது அந்த வரிசையில் ஜவுளிக்கடை, செருப்புக்கடை, டீக்கடை எல்லாவற்றிலும் ஹவுசாவில் ஒரு வரி இருக்கிறது.

ஆனால் பேசத் தெரிந்தவள் வின்சி ஒருத்திதான். பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வெளிநாட்டு நோயாளிகளின் வரவேற்பில் மூன்று வருடம் இருந்தவள். அங்கே பழகிய பாஷை.

மற்ற கடைகளில் கானோக்காரர்கள் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பார்கள். வின்சியிடம் ஒரே ஒரு பெட்டியைத் திறப்பார்கள். அவ்வளவுதான். அவள் 'அசலி' என்றால் கயிறு கட்டிவிடுவார்கள். அவளும் ஒவ்வொன்றையும் பார்க்காமல் சொன்னதில்லை. ஆரம்பத்தில், "வல்லாஹி சொல், கடவுள்மேல் சத்தியம்" என்று கேட்பார்கள். அவள் மாட்டேன் என்பாள். சத்தியம் பண்ணக்கூடாது என்று வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். அவள் அம்மா சாராள், குழாயடிச் சண்டையில்கூட சத்தியம் செய்யமாட்டாள். கானோக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த நினைப்பில் வின்சிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அல்ஹாஜி, நான் வல்லாஹி சொல்லமாட்டேன்னு உங்களுக்குத் தெரியுமே. அப்போ இது நான் இல்லைன்னு தெரிஞ்சிருக்கணுமே."

பஷீர் அவளையே பார்த்தார்.

"சத்தியமே செய்யாத பெண் முதல்முறையாகச் சத்தியம் செய்கிறாள். அப்படியென்றால் சரக்கு எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால்தான் ஒரு பெட்டியைக்கூடத் திறக்கவில்லை."

பஷீர் மேஜையிலிருந்து கைபேசியை எடுத்துக்கொண்டார்.

"எங்கள் வியாபாரிகள் குழுவில் நானூறு பேர் இருக்கிறோம். கானோவில் கடை திறக்கும்போது இங்கே மணி ஒன்றரை. அப்போது குழுவில் ஒரு பெயரைச் சொல்லப்போகிறேன். உன் பெயரா வேறு பெயரா என்று நீயே கண்டுபிடி."

மணி பதினொன்று ஐந்து.

கண்ணாடி அறைக்குள் மாதேஷ் சீட்டுக்குப் பின்னால் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் குரல்ல யாரு மெசேஜ் அனுப்பறாங்க?"

மாதேஷ் தலையைத் தூக்கவில்லை. "கதவச் சாத்தும்மா. ஏசி போவுது."

"அண்ணே."

"என்னாம்மா இப்ப? நீ ஒருத்தி, எத்தன பேருக்குப் பேசுவ? ராத்திரில மெசேஜ் வருது, ஞாயித்துக்கெழம வருது, நீ கோயில்ல இருக்க. அதான் மிஷின் பேசுது. ஊரு ஒலகத்துல எல்லாரும் பண்றாங்கோ."

"டூப்ளிகேட்ட அசலின்னு சொல்லுது."

"சரக்கு சூளகிரி குடோன்ல இருந்து போச்சு. உனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நீ பாத்தத நீ சொல்லு. மிஷின் பாத்தத மிஷின் சொல்லும்."

"அது என் குரல்ணே."

"கொரல் உன்னுது. மிஷின் என்னுது. வெளிய ஆள வெச்சிகிட்டு பேஜார் பண்ணாத. அவனுக்கு ஒரு டீ சொல்லி அனுப்பு."

அண்ணே என்று கூப்பிட்ட வாய் கசந்தது. போன வருடம் அப்பாவை அடக்கம் பண்ணியபோது முதலில் வந்து நின்றவர் இந்த மனிதர்.

"யாரு செஞ்சு குடுத்தா?"

"எனுக்கு ஹவுசாவுல ஒரு எழுத்து தெரியுமா?" மாதேஷ் முதல்முறையாகச் சிரித்தார். "உன் கொரல் அவ்ளோ யாருகிட்ட இருக்குதுன்னு நீயே யோசி."

அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வல்லாஹி. அந்த ஒற்றைச் சொல். மாதேஷுக்கு அது தெரியாது. அந்த வார்த்தையின் பலத்தை வின்சி ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தாள். மத்திகிரி கால்நடைப் பண்ணை ரோட்டில் நடந்துகொண்டே, சிரித்துக்கொண்டே. "நான் மட்டும் அத சொன்னேன்னு வையி, செங்கல்லக்கூட வாங்கிட்டுப் போயிருவாங்க எட்சன்."

எட்சன். ஓசூர் தொழிற்பேட்டையில் தர ஆய்வாளன், மத்திகிரியில் வீடு. அவளுக்கு நிச்சயமானவன். கிருஷ்ணகிரி சபையில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள். மூன்றாவது, வருகிற ஞாயிறு.

போன டிசம்பரில் அதே பண்ணை ரோட்டில் அவன் கைபேசியை நீட்டி முந்நூறு வாக்கியம் படிக்கச் சொன்னான். தமிழில் பாதி, ஹவுசாவில் பாதி. பாஷை கத்துக்குடுக்கற ஆப், நம்ம ரெண்டு பேரோட ஆப் என்றான். பன்னிரண்டு நாள் சாயங்காலம், தொண்டை கட்டும்வரை படித்துக் கொடுத்தாள். கடைசி நாள் அவனே சுக்குக் காபி வாங்கிக் கொடுத்தான்.

வெளியே வந்தாள். "அல்ஹாஜி, மத்திகிரிவரை வரமுடியுமா?"

பஷீர் கார்க் கதவைத் திறந்தார்.

ஓட்டுநர் முனிராஜ் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறவர். சூளகிரி தாண்டும்வரை இருவரும் வாயே திறக்காததைப் பார்த்துவிட்டு, "மேடம், நானும் அவருகிட்ட காலையிலேர்ந்து பேசிப் பாக்கறேன். எந்தப் பாஷைக்கும் மசிய மாட்டறாரு. உங்களுதுக்குமா?" என்றார்.

"இன்னிக்கு என்னுதுக்கும் இல்லண்ணே."

எட்சன் இரவு ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாடகை வீட்டின் கதவைத் திறந்தவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். பின்னால் நின்ற உயரமான மனிதரைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. அது ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"வல்லாஹி யாரு போட்டது?"

"உள்ள வா வின்சி. அக்கம்பக்கம் பாக்கறாங்க."

"நீயா?"

கதவைச் சாத்தினான். பஷீர் சுவரோரம் நின்றுகொண்டார்.

"நான் எழுதறது தமிழ்லதான். ட்ரான்ஸ்லேட்ல போட்டா ஹவுசா வந்துரும். அந்த ஒண்ண மட்டும் கையில சேத்தேன். சேல்ஸ் நிக்குதுன்னு மாதேஷண்ணன் சொன்னாரு."

"சரக்கு டூப்ளிகேட்னு தெரியுமா?"

அவன் போர்வையை மடிக்க ஆரம்பித்தான். நாள் முழுக்கத் தரம் பார்க்கிறவன். ஒட்டின லைனிங்கை விரலால் தொட்டே சொல்லிவிடுவான்.

"தெரியும்" என்று அவளே முடித்துக்கொண்டாள்.

"இங்க பாரு. நமக்குத்தான் பண்ணேன். பெங்களூர்ல அவரு புதுக் கடை போடறாரு, என்னை பார்ட்னராச் சேத்துக்கறாரு. கல்யாணத்துக்கப்புறம் நீ தினம் பஸ் புடிச்சு அந்த ரோட்டுக்குப் போக வேணாம். நீ வீட்ல இரு. உன் கொரல் வேலைக்குப் போவும்."

அதை ஒரு பரிசைப்போலத்தான் சொன்னான். அவன் கண்ணில் பொய் இல்லை. அதைத்தான் வின்சியால் தாங்க முடியவில்லை.

கோபத்தை ஆற்றுவதாக நினைத்துக்கொண்டு எட்சன் கைபேசியில் என்னவோ தட்டினான். அறைக்குள் வின்சியின் குரல் குழைந்தது. "பாவம் எட்சன். தூங்குறப்ப எழுப்பிட்டேன்."

அவள் 'பாவம்' சொல்வது அப்படியேதான். பஷீர் சட்டென்று அவள் உதடுகளைப் பார்த்தார். அவை மூடியிருந்தன.

"அத நிறுத்து" என்றாள்.

"சரி, சரி. அவருகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிரு. எல்லாம் மாதேஷண்ணன் வேலைன்னு. என் பேரு வேணாம். அவருக்குத் தமிழ் தெரியாது. நீ சொல்றதுதான் அவருக்கு. ஓலை ரெண்டு வாரம் வாசிச்சாச்சு வின்சி. உங்கம்மாவ நெனச்சுப் பாரு."

வின்சி பஷீர் பக்கம் திரும்பினாள். சொன்னாள். டிசம்பர், பண்ணை ரோடு, முந்நூறு வாக்கியம். மாதேஷ் சொன்னது, எட்சன் சொன்னது. வீட்டில் இரு, குரல் வேலைக்குப் போகும் என்றது. கடைசியாக, "இவர் பெயரை மறைத்துவிடும்படி இப்போது என்னிடம் கேட்டார்" என்பதையும் ஒரு வார்த்தை குறைக்காமல் ஹவுசாவில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் மரணச் செய்தியைச் சொல்வதற்கு அவளுக்கு ஒரு தொனி இருந்தது. அதே தொனியில் சொன்னாள்.

எட்சனுக்கு அதில் இரண்டு சொற்கள் புரிந்தன. இரண்டும் பெயர்கள். ஒன்று அவனுடையது.

"சொல்லிட்டியா?"

விரலிலிருந்த நிச்சய மோதிரத்தைக் கழற்றி, அவன் தலையணைமேல் வைத்தாள்.

தெருவில் கார் அருகே பஷீர் நின்றார். மணி பன்னிரண்டு ஐம்பது.

"குழுவில் நீயே பேசு. வீடியோவில்."

பேசினாள். கேமராவைப் பார்த்து, ஒப்பித்ததுபோல இல்லாமல், திக்கித் திக்கி. முடித்ததும் பஷீர் கைபேசியை இறக்கவில்லை.

"இதையும் ஒரு இயந்திரம் பேசிவிடும் என்று சொல்வார்கள். வல்லாஹி சொல்."

வின்சியின் கண்ணில் நீர் கட்டியது. எட்சனுக்காக வராத நீர்.

"மாட்டேன். நடந்ததச் சொல்லிட்டேன். நம்பினா நம்பட்டும்."

"தம்பியின் கால் போய்விட்டது. உன் பெயர் போகப்போகிறது. ஒரே ஒரு சொல்."

"மாட்டேன், அல்ஹாஜி."

அவர் இன்னும் சில நொடிகள் அவள் முகத்தைப் படம் பிடித்தார். பிறகு நிறுத்தினார். எதையும் வெட்டாமல், அந்த மறுப்போடு சேர்த்தே அனுப்பினார்.

"உன்னைத் தெரிந்தவர்களுக்கு இது போதும், கன்வாதா."

இன்றைக்கு முதல் தடவையாக அந்த வார்த்தை. வின்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 

"ஆனால் இனி நாங்கள் எல்லாப் பெட்டியையும் திறந்துதான் வாங்குவோம். யார் சொன்னாலும்."

"நான் சொன்னாலுமா?"

"நீ சொன்னாலும்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை.

கார் ஓசூரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டாம் என்று போதகருக்குச் சொல்ல வேண்டும். அதற்குமுன் அம்மாவுக்கு. எப்படி ஆரம்பிப்பது என்று அவள் சொற்களைக் கோத்துக்கொண்டிருந்தபோது அம்மாவே கூப்பிட்டாள்.

"வின்சி, எங்கடி இருக்க? உன் வாய்ஸ கேட்டேன். ஒரே சந்தோஷம் போ."

"என்ன வாய்ஸ்?"

"இப்பதானே எட்சன் போன்லருந்து அனுப்பின. உன் போன்ல சார்ஜ் இல்லன்னு. எட்சனுக்கும் எனக்கும் சின்ன சண்டை, பேசித் தீத்துட்டோம்மா, இனி கடைக்குப் போகல, யாராச்சும் எதாச்சும் சொன்னா நம்பாதன்னு. நான் போதகர் ஐயாவுக்கும் அனுப்பிட்டேன். நேத்து அவரு சும்மாதான் கேட்டாரு, எல்லாம் சரியா இருக்கான்னு."

வின்சி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். லாரிச் சத்தம் நின்றது.

"அம்மா, அது நான் பேசினது இல்ல."

"என்னாடி சொல்ற? பெத்தவளுக்கு உன் கொரல் தெரியாதா?"

"என் கொரல்தாம்மா. நான் பேசல. மிஷின் பேசுது. எட்சன் பண்ணியிருக்கான். நான் நேர்ல வந்து உக்காந்து சொல்றேன். அதுவரைக்கும் போன்ல என் கொரல் எது சொன்னாலும் நம்பாத."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. பிறகு சாராள் கேட்டாள். பயந்துபோன, மெல்லிய குரலில்.

"அப்ப இப்ப பேசுறது யாருடி?"

வின்சி அழைப்பைத் துண்டித்தாள்.

"முனிராஜண்ணே, கடையில நிறுத்தாதீங்க" என்றாள். "நேரா கிருஷ்ணகிரிக்கு விடுங்க. அம்மா என் மூஞ்சியப் பாக்கணும்."

குருபரப்பள்ளியில் ஆறடி நல்வரவு பின்னால் போனது. பஷீர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.