கூப்பிட்டால் பறந்துவிடும்

"மூச்சு விடாத, பறந்துடும்," என்றார் கணவர். செம்பருத்திச் செடியில் ஒரு தும்பி உட்கார்ந்திருந்தது. அவர் கைப்பேசியோடு அதன் முன்னால் குந்தியிருந்தார்.

"என் டீயைவிட உங்க தும்பிக்குத்தான் மவுசு ஜாஸ்தி," என்று முணுமுணுத்துவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். படம் எடுக்கும்போது அவரைக் கூப்பிடக் கூடாது என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம்.

டீ ஆறி ஆடை கட்டியது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சுவரில் தோளைச் சாய்த்து அப்படியே இருந்தார். முழங்கால் வலிக்காரர், இவ்வளவு நேரம் குந்த முடியாதே! கூப்பிட வாய்வரை வந்தது. தும்பி பறந்துவிட்டால் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று அடக்கிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சருகு மிதிபடாமல் பூனைபோல நடந்தாள்.

செடியில் தும்பி இல்லை. அது எப்போதோ போயிருந்தது. அவர் மட்டும் அசையவில்லை.

"என்னங்க," என்றாள் மெதுவாக. பிறகு தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

வலி தெரியாமலே இதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டர்.

காரியமெல்லாம் முடிந்தபின் மகள் அவருடைய கைப்பேசியைத் திறந்தாள். கடைசிப் படத்தில் தும்பி இருந்தது. அப்பா எடுத்த எல்லாப் படங்களையும்போல அதுவும் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது.