பூநாரைகளுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று

ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்தில் ஜெஸ்ஸியின் போனில்தான் தூரத்தில் இருப்பதை நன்றாக இழுத்துக் காட்டும் கேமரா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தவள், ஏரியில் பூநாரைகள் இறங்கியிருப்பதைப் பார்த்து, கரையில் நின்று ஒரு படம் எடுத்தாள். அதை 'பசியாவரம் சொந்தங்கள்' வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

பூநாரைகள் அழகாகத்தான் நின்றன. ஆனால் யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் நடுவில், தண்ணீருக்கு மேலே, வெள்ளைவெளேரென்று ஏதோ ஒன்று தெரிந்தது. பருத்த உடம்பு, வளைந்த கழுத்து. தலை மட்டும் இல்லை.

டீக்கடை தருமலிங்கம் முதலில் குரல் பதிவு போட்டார். "அது அக்கரையில வுடுறாங்களே, அந்த ராக்கெட்டோட மூக்கு. உள்ள கெமிக்கல் இருக்கும். தொட்டா கை வெந்துடும்."

ஜெஸ்ஸியின் மாமியார் கிறிஸ்டினா ஒத்துக்கொள்ளவில்லை. அது மாதா சொரூபம் என்றார். எங்கோ வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய், கடலில் கிடந்து, முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்திருக்கிறதாம். தூங்குகிற கூழைக்கடாப் பறவை என்றார்கள் சிலர். கூழைக்கடா இவ்வளவு நேரம் அசையாமல் இருக்காது என்றார்கள் வேறு சிலர்.

அது என்னவென்று ஊரிலேயே ஒருவருக்குத்தான் தெரியும். கேசவன் தன் வீட்டுப் பின்புறம், வேலை முடியாத கக்கூஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேசவனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சேற்றில் முழங்காலிட்டு, கையால் தடவி இறால் பிடித்தே வளர்ந்தவர். இப்போது முட்டி இரண்டும் மடங்க மறுத்தன. ஆனால் அதை அவரால் வெளியே சொல்ல முடியாது. போன வருஷம் அனுப்பம்பட்டில் அவருடைய மச்சான் ராஜேந்திரன் வீடு கட்டி, நாற்காலி மாதிரி உட்காரும் கம்மோடு வைத்தான். கிரகப்பிரவேசத்துக்குப் போன கேசவன் பந்தியில் எல்லோரும் கேட்கும்படி, "இன்னா மச்சான், இனிமே சிம்மாசனத்துல குந்தினாத்தான் உனக்கு வருமா?" என்று கேட்டார். அதோடும் விடவில்லை. அதற்கப்புறம் போன் செய்யும்போதெல்லாம் "தர்பார் முடிஞ்சுதா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

அப்படிப்பட்டவர் போன வாரம் பொன்னேரிக்குப் போய், குந்தி உட்காரும் சாதாரணமான ஒன்றை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, கம்மோடு வாங்கித் தார்ப்பாயில் சுற்றிப் படகில் ஏற்றினார். மனைவி வளர்மதி பார்ப்பதற்குள் சிமெண்ட் பூசி நிறுத்திவிட்டால், கடையில் வேறு இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். பாதி ஏரியில் காற்று திரும்பிப் படகு சாய்ந்தது. கம்மோடு தண்ணீருக்குள் போனது, தார்ப்பாய் மட்டும் மிதந்தது. அவர் இறங்கிக் கலங்கல் தண்ணீரில் தடவித் தடவிப் பார்த்தார். அகப்படவில்லை. நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு வந்து, கடைக்கு லீவு என்றார்.

இப்போது தண்ணீர் இறங்க, அது குப்புறக் கவிழ்ந்த நிலையில், பின்பக்கத்து வளைந்த குழாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது. கிடைத்துவிட்ட சந்தோஷத்தைவிட, ஊர் போய்ப் பார்த்துவிடுமே என்ற பயம்தான் கேசவனுக்கு அதிகமாக இருந்தது. சாயங்காலம் வரைக்கும் யாரும் கிட்டே போகாமல் இருந்தால் போதும், இருட்டில் எடுத்துவந்துவிடலாம். தொண்டையைச் சரிசெய்துகொண்டு குழுவில் பேசினார்.

"அது வெளிநாட்டுப் பறவைப்பா. தலைய ரெக்கைக்குள்ள வெச்சினு முட்டை மேல குந்தினு கீது. யாரும் கிட்ட போவாதீங்க, பயந்து பூடும்."

ஜெஸ்ஸியின் தம்பி ஜோஷ்வா அந்தப் படத்தையும் குரலையும் பறவை பார்ப்பவர்களின் குழு ஒன்றுக்கு அனுப்பிவைத்தான். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில், முழங்கை நீள கேமராக்களோடு இருவர் படகில் வந்து இறங்கினார்கள்.

"கேசவன் சார் வீடு எதுங்க?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் தன்னை சார் என்றதும் கேசவன் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"இந்தப் பறவையை இங்கே என்னன்னு சொல்லுவீங்க சார்?" என்று கேட்டார் மூத்தவர்.

"குந்துநாரை," என்றார் கேசவன். வாயில் வந்தது அதுதான்.

"ஒரே இடத்துல எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும்?"

"அது வேலை முடியிற வரைக்கும்."

மூத்தவர் மரியாதையோடு தலையாட்டினார். டீ எடுத்துவந்த வளர்மதி வாசலிலேயே நின்றாள். இந்த மனுஷனுக்கு இறாலும் நண்டும் தெரியும். பறவையில் காக்கா தவிர வேறொன்றும் தெரியாது. காலையிலிருந்து போனைக் கையை விட்டு இறக்கவில்லை. லீவு விட்ட கடைக்குப் போய் நனைந்து வந்த கதையும் அவளுக்கு அன்றைக்கே சரியாகப் படவில்லை. டம்ளர்களை வைத்தாள். இறால் பிடிக்கும்போது பல்லில் கடித்துக்கொள்ளும் பனையோலைப் பறியைக் கொடியிலிருந்து எடுத்தாள். ஜெஸ்ஸியையும் இன்னும் சில பெண்களையும் கூப்பிட்டுக்கொண்டு ஏரியில் இறங்கினாள்.

"வளரு, அங்க போவாத," என்று கேசவன் கரையிலிருந்து கத்தினார். "ராக்கெட்டா இருந்தாலும் இருக்கும்."

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் தருமலிங்கம்.

பெண்கள் நெருங்க நெருங்கப் பூநாரைகள் ஒட்டுமொத்தமாக எழுந்து பறந்தன. வெள்ளை மட்டும் அங்கேயே நின்றது. வளர்மதி குனிந்து சேற்றை வழித்தாள். பொன்னேரிக் கடையின் நீல ஸ்டிக்கர்கூட உரியாமல் இருந்தது. பல்லில் கடித்திருந்த பறி தண்ணீரில் விழும் அளவுக்கு அவள் சிரித்தாள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அதைப் புரட்டி நிமிர்த்தினார்கள். வளர்மதி முந்தானையால் விளிம்பைத் துடைத்து, கரையைப் பார்த்தபடி, கால்மேல் கால் போட்டு அதில் உட்கார்ந்தாள்.

"எடுடி படத்த."

ஜெஸ்ஸி எடுத்தாள். கீழே எழுதவும் செய்தாள்: 'குந்துநாரை கிடைத்துவிட்டது. முட்டை இன்னும் வைக்கவில்லை.'

கரையில் நின்றவர்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. கேமராக்காரர்களுக்குப் போன் தேவைப்படவில்லை, லென்ஸிலேயே தெரிந்தது. இளையவர் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். மூத்தவர் கடைசிவரை முகம் மாறாமல் நாலைந்து படம் எடுத்துக்கொண்டார்.

கேசவன் யாரையும் பார்க்காமல் படகை எடுத்து, கோலை ஊன்றி ஊன்றிப் போய்ச் சேர்ந்தார்.

"கடை லீவுன்னியே," என்றாள் வளர்மதி. எழுந்திருக்கவில்லை.

"முட்டி வலிக்குது வளரு. குந்தினா எழுந்துக்க முடியல."

அவள் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. "அத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"உன் அண்ணன் வுடுவானா?"

"வுட மாட்டான். நீ இன்னா பேச்சு பேசின. மொதல்ல அவனுக்கு நீயே போன் போடு. மத்தவங்க சொல்லி அவன் கேக்கக் கூடாது."

பெண்கள் சுற்றி நின்றார்கள். கேசவன் படகில் நின்றபடி போன் போட்டு, திக்கித் திணறி விஷயத்தைச் சொல்லி முடித்தார். ஜெஸ்ஸி எட்டி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"செவுத்துலேர்ந்து தள்ளி வெக்கச் சொல்லு மச்சான்," என்றான் ராஜேந்திரன். "நான் ஒட்டி வெச்சிட்டேன். முதுகு இடிக்குது."

"சரி மச்சான்," என்று மட்டும் சொன்னார் கேசவன்.

கம்மோடைப் படகில் ஏற்றினார்கள். வளர்மதி அதிலேயே ஏறி உட்கார்ந்து, கரை சேரும்வரை இறங்க மறுத்துவிட்டாள்.

புதன்கிழமை கொத்தனார் வந்து, சுவரிலிருந்து தள்ளியே வைத்தார். சிமெண்ட் காய வேண்டும் என்று வளர்மதி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் கேசவன் வாளியோடு போய் நின்றார். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினார். வளர்மதி மெதுவாக ஏதோ பாட்டு முணுமுணுப்பது மட்டும் கேட்டது.